சேலத்துல புதுசா வேலைக்கு சேர்றீங்களா? மொத நாள்ல இருந்து என்னென்ன பாத்துக்கணும்னு சொல்றேன்

நம்ம ஊர்ல மொத வேலைக்கு சேர்ற தம்பி தங்கச்சிங்க முக்காவாசி பேரு ஒரே மாதிரிதான் வர்றாங்க. கையில ஒரு பிளாஸ்டிக் ஃபைலு, அதுக்குள்ள ஒரிஜினல் மார்க்‌ஷீட்டு மொத்தமும், நெத்தியில கோட்டை மாரியம்மன் குங்குமம், கேட்டு வரைக்கும் கூட அப்பாவோ மாமாவோ. நான் கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு துணி கம்பெனியில டைம் ஆபீஸ்ல இருக்கேன், ஒம்போது வருஷமாச்சு, அட்டெண்டன்ஸு, சம்பளம், பிஎஃப் (சம்பளத்துல மாசாமாசம் புடிச்சு சேக்கற வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளிங்களுக்கான அரசு மருத்துவ காப்பீடு) எல்லாம் என் டேபிள் வழியாத்தான் போகும். அதனால இந்த மூஞ்சிங்கள மாசாமாசம் பாக்கறேன். யாரும் எதையும் கேக்க மாட்டாங்க, அதான் பிரச்சனையே. "மொத நாளே பிஎஃப் பத்தி கேட்டா திமிரு புடிச்சவன்னு நெனச்சுக்குவாங்களோ"ன்னு ஒரு பயம். அப்புறம் மூணு வருஷம் கழிச்சு அக்காவுக்கு கல்யாணம், பிஎஃப்ல கொஞ்சம் எடுக்கணும்னு வந்து நிக்கும்போதுதான் பேரு தப்பு, பொறந்த தேதி தப்பு, பேங்க் அக்கவுண்ட் லிங்க் ஆகலன்னு ஒவ்வொண்ணா வெளிய வரும்.

அதனால வரிசையா சொல்லிடறேன். ஜாகீர் அம்மாபாளையம் ஐடி பார்க்கா இருந்தாலும் சரி, ஜவுளிக்கடை, ஜவ்வரிசி மில்லு, தனியார் ஆஸ்பத்திரி, செவ்வாப்பேட்டையில கணக்கு எழுதற வேலையா இருந்தாலும் சரி, அடிப்படை ஒண்ணுதான்.

சேர்றதுக்கு முன்னாடியே: பேர சரி பண்ணுங்க

இதுக்குத்தான் நான் ரொம்ப நேரம் எடுத்துக்கப் போறேன், ஏன்னா மத்த எல்லா பிரச்சனைக்கும் வேரு இங்கதான் இருக்கு. நம்மகிட்ட இருக்கறது இனிஷியல். அந்த கம்ப்யூட்டர் ஃபார்ம்ல கேக்கறது மொத பேரு, கடைசி பேரு. அங்கயே தகராறு ஆரம்பிச்சிடுது. ஒரு பையன் பேரு குமார், அப்பா பேரு செல்வராஜ்னு வெச்சுக்குங்க. ஆதார்ல "குமார் எஸ்"னு இருக்கும், பான் கார்டுல இனிஷியல விரிச்சு "செல்வராஜ் குமார்"னு இருக்கும், பத்தாவது மார்க்‌ஷீட்ல "எஸ். குமார்", பேங்க் பாஸ்புக்ல வெறும் "குமார்". எல்லாம் ஒரே ஆளுதான்னு எதிர்ல இருக்கற டீக்கடைக்காரருக்கு கூட தெரியும், பிஎஃப் சர்வருக்கு மட்டும் தெரியாது.

பிஎஃப்ல உங்க பேரு ஆதார்ல எப்படி இருக்கோ அப்படியேதான் ஏறும். அதனால ஆதாரத்தான் அடிப்படையா வெச்சுக்கணும். மொதல்ல பத்தாவது மார்க்‌ஷீட்டையும் ஆதாரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க, பேரு, பொறந்த தேதி ரெண்டும் ஒத்துப் போகுதான்னு. போகலன்னா மொதல்ல ஆதார மாத்துங்க, அதுக்கப்புறம் பான், அதுக்கப்புறம் பேங்கு. இந்த வரிசை முக்கியம், பேங்க மொதல்ல மாத்திட்டு வந்தீங்கன்னா திரும்பவும் மாத்த வேண்டி வரும். ஆதார்ல பொறந்த தேதிய ஒரே ஒரு தடவதான் மாத்த முடியும், பேர ரெண்டு தடவ. அவசரத்துல எதையாவது டைப் பண்ண சொல்லிட்டு வந்துடாதீங்க, சென்டர்ல ஸ்லிப்ப குடுக்கும்போது அங்கயே நின்னு ஒவ்வொரு எழுத்தா படிச்சு பாத்துட்டு அப்புறம் சரின்னு சொல்லுங்க. பின்னாடி க்யூல நிக்கறவங்க முணுமுணுப்பாங்க, நிக்கட்டும்.

என் கதைய சொல்றேன். என் மொத வேல இது இல்ல, இதுக்கு முன்னாடி வேற ஒரு எடத்துல ரெண்டு வருஷம் இருந்தேன், பேரு வேணாம். அங்க ஃபார்ம் ஃபில் பண்ண ஆளு என் பேரு இருக்கற எடத்துல எங்கப்பா பேரையும், அப்பா பேரு எடத்துல என் பேரையும் போட்டுட்டாரு. ரெண்டு வருஷம் நானும் பாக்கல, அவரும் பாக்கல. இங்க வந்து பழைய பணத்த இந்த அக்கவுண்ட்டுக்கு மாத்தப் போனப்பதான் தெரியுது, ரெக்கார்டு படி வேல பாத்தது எங்கப்பா! ரெக்கார்ட திருத்தறதுக்கு ஜாயின்ட் டிக்ளரேஷன்னு ஒரு ஃபார்ம், அதுல பழைய கம்பெனி கையெழுத்து போடணும். வேலைய விட்டுட்டு போனவனுக்கு யாருங்க கையெழுத்து போட ஓடி வருவாங்க? "மேனேஜர் வெளியூரு", "சீல் அக்கவுண்டன்ட் கிட்ட இருக்கு", "நாளைக்கு வாங்க"ன்னு 14 மாசம் நடந்தேன். லீவு நாள்ல எல்லாம் பழைய பஸ் ஸ்டாண்டுல எறங்கி அங்க போய் நின்னுட்டு வருவேன். எங்கப்பா மட்டும் "எனக்கு பென்ஷன் வந்தா பாதி தர்றேன்டா"ன்னு சிரிச்சாரு.

இப்ப கொஞ்சம் சுளுவாயிருக்கு. 2025 ஆகஸ்ட்ல இருந்து புதுசா யுஏஎன் நம்பர் வேணும்னா நீங்களேதான் உமாங் ஆப்ல முகத்த காட்டி எடுக்கணும், ஆதார்ல இருக்கற பேரு அப்படியே வந்துடும், கிளார்க் டைப் பண்ற வேலையே இல்ல. யுஏஎன்ங்கறது உங்க பிஎஃப்புக்கான 12 இலக்க நம்பர், எத்தன கம்பெனி மாறினாலும் அது ஒண்ணுதான். முன்னாடி எங்கயாவது பார்ட் டைமா, மூணு மாசம், ஆறு மாசம் வேல பாத்து பிஎஃப் புடிச்சிருந்தா அந்த நம்பரையே குடுங்க. "அது சின்ன வேலதானேங்க"ன்னு மறைச்சிடுவாங்க நெறைய பேரு, அப்புறம் ரெண்டு நம்பர் ஆயிடும், ரெண்டையும் ஒண்ணா சேக்கறதுக்குள்ள உசுரு போயிடும்.

மொத நாள்

ஒரிஜினல் சர்டிபிகேட்ட காட்டுங்க, செராக்ஸ குடுங்க, ஒரிஜினல திரும்ப வாங்கிட்டு வாங்க. சில எடத்துல "ஒரு வருஷம் எங்ககிட்ட இருக்கட்டும், பத்திரமா இருக்கும்"பாங்க. பீரோ நம்ம வீட்லயும் இருக்குங்க. மொத நாளே எப்படி மறுக்கறதுன்னு தயக்கமா இருந்தா "பேங்க் லோனுக்கு வேணும்ங்க, அப்பா கேட்டாரு"ன்னு சொல்லுங்க, இந்த ஊர்ல அப்பா பேர சொன்னா யாரும் மேல பேச மாட்டாங்க.

அப்பாயிண்ட்மென்ட் லெட்டர் கேளுங்க. 2025 நவம்பர் 21-ல இருந்து புது லேபர் கோடு (தொழிலாளர் சட்டம்) நாலும் அமலுக்கு வந்தாச்சு, அதுபடி எல்லா தொழிலாளிக்கும் லெட்டர் குடுத்தே ஆகணும். ஆனா நம்ம ஊரு மொதலாளி கம்பெனியில நெலம என்னன்னா, மொதலாளி உங்கள நேர்ல கூப்பிட்டு உக்கார வெச்சு டீ குடுத்து "நம்ம வீட்டு பையன் மாதிரி பாத்துக்கறேன் கண்ணு"ன்னு சொல்லுவாரு. அவரு பொய் சொல்லல, நெஜமாவே பாத்துக்குவாரு. அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னா ராத்திரியில கார் அனுப்புவாரு, தீபாவளிக்கு துணி எடுத்துக் குடுப்பாரு. ஆனா அந்த பாசத்த கொண்டு போய் பேங்க்ல லோன் கேக்க முடியாது. பாசம் வேற, பேப்பர் வேற, ரெண்டும் வேணும். "ரூம் வாடகைக்கு எடுக்க லெட்டர் கேக்கறாங்க சார்"னு சொன்னா குடுத்துடுவாங்க.

லெட்டர்ல நாலு விஷயத்த மட்டும் கண்டிப்பா படிங்க. புரொபேஷன் (வேலைய பாத்து நிரந்தரம் பண்ற வரைக்கும் உள்ள காலம்) எத்தன மாசம், நோட்டீஸ் (வேலைய விடறதுக்கு முன்னாடியே சொல்ல வேண்டியது) எத்தன நாளு, பாண்டு (இத்தன காலம் விட்டுட்டு போக மாட்டேன்னு எழுதிக் குடுக்கறது) ஏதாவது இருக்கா, சம்பளம் எப்படி பிரிச்சிருக்காங்க. இந்த கடைசி விஷயத்துலதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க, ஏமாத்தறாங்கன்னு சொல்ல முடியாது, நமக்கு படிக்க தெரியல. போன மாசம் ஒரு பொண்ணு வந்து "சார் 20,000-க்கு மேலன்னு சொன்னீங்க, கையில 16,000 சொச்சம்தான் வந்திருக்கு"ன்னு கண்ணு கலங்கி நிக்குது. உக்கார வெச்சு ஒரு பழைய கவரு பின்னாடி எழுதிக் காட்டினேன், அதையே இங்கயும் எழுதறேன்.

மாச சம்பளம் 18,000. அதுல பேசிக்கும் (அடிப்படை சம்பளம்) டிஏவும் (பஞ்சப்படி) சேந்து 10,000. உங்ககிட்ட இருந்து பிஎஃப் அந்த 10,000-ல 12 பர்சன்ட், 1,200 ரூபா. இஎஸ்ஐ முழு 18,000-ல முக்கா பர்சன்ட், 135 ரூபா. ஆக கையில வர்றது 16,665. இப்ப கம்பெனி பங்கு, பிஎஃப்புக்கு அதே 1,200, இஎஸ்ஐக்கு மூணே கால் பர்சன்ட் 585, கிராஜுவிட்டிக்குன்னு (பல வருஷம் வேல பாத்துட்டு விடும்போது தர்ற பணிக்கொடை) ஒதுக்கறது 481. இத எல்லாம் 18,000-ஓட கூட்டினா 20,266. இன்டர்வியூல சொன்ன சிடிசி, அதாவது உங்களுக்காக கம்பெனி பண்ற மொத்த செலவு, இதுதான். அதனால இன்டர்வியூல சிடிசி கேக்காதீங்க, "பிடித்தம் எல்லாம் போக கையில எவ்வளவு வரும்ங்க"ன்னு கேளுங்க. இது கேக்கறதுல ஒரு தப்பும் இல்ல.

இன்னொண்ணு, அரை வருஷத்துக்கு ஒரு தடவ தொழில் வரின்னு ஒண்ணு புடிப்பாங்க, மாநகராட்சிக்கு போறது, அதிகபட்சம் 1,250. அந்த மாசம் சம்பளம் கம்மியா வரும், என் டேபிளுக்கு சண்டைக்கு வராதீங்க.

மொத வாரம், ஆளுங்கள பழகறது

எந்த டிரெயினிங்லயும் சொல்லித் தர மாட்டாங்க இத. யார எப்படி கூப்பிடறதுன்னு மொத ரெண்டு நாளு காத மட்டும் தீட்டி வெச்சுக்குங்க. எங்க கம்பெனியில ஆபீஸ் ரூமுக்குள்ள சாரு, மேடம். ஷெட்டுக்குள்ள போயிட்டா அண்ணே, அக்கா. அதே மனுஷன் ரூமுக்குள்ள வந்தா சாரு, வெளிய போனா அண்ணே. ஐடி பக்கம் போனா பேரு சொல்லியே கூப்பிட சொல்லுவாங்க, வாயில வராது, மூணு மாசம் ஆகும், பரவால்ல. வயசுல சின்னவங்களா இருந்தாலும் மொதல்ல "வாங்க, சொல்லுங்க"ன்னே பேசுங்க. அவங்களா வந்து "என்னங்க இவ்வளவு மரியாத, வா போன்னே பேசு"ன்னு சொல்ற வரைக்கும் எறங்காதீங்க.

பதினோரு மணி டீய வாங்கிட்டு வர்ற வேலைய புது ஆளு தலையிலதான் கட்டுவாங்க. ஒரு வாரம் செய்யுங்க, அதுல எல்லார் பேரும் மனசுல நின்னுடும், யாருக்கு சக்கர கம்மி, யாருக்கு லெமன் டீன்னு கூட. ரெண்டாவது வாரமும் உங்களையே அனுப்பினா "இன்னைக்கு அண்ணன் டர்னு"ன்னு சிரிச்சுகிட்டே சொல்லிப் பாருங்க. சாயங்காலம் யாராவது தட்டுவட செட்டு வாங்கிட்டு வந்தா வேணாம்னு சொல்லாம ஒண்ணு எடுத்துக்குங்க, பீட்ரூட் காரட் துருவலும் சட்னியும் சட்ட மேல விழாம சாப்பிட கத்துக்கறதே ஒரு ட்ரெயினிங்தான்.

மத்தியானம் கேன்டீன்ல உக்காரும்போது கொஞ்சம் பாத்து உக்காருங்க, பத்து வருஷமா ஒரே பெஞ்சுல உக்கார்ற ஆளுங்க இருப்பாங்க. டப்பாவ தொறந்த ஒடனே பக்கத்துல இருக்கறவங்ககிட்ட நீட்டுறது இங்க வழக்கம், நீங்களும் நீட்டுங்க.

"எந்த ஊரு தம்பி, அங்க எந்த தெரு, யாரு வீடு"ன்னு சில பேரு தோண்டுவாங்க. முக்காவாசி சும்மா பேச்சுக்கு கேக்கறதுதான். மிச்சம் எதுக்கு கேக்கறாங்கன்னு உங்களுக்கே தெரியும். ஊரு பேரோட நிறுத்திக்குங்க, "பஸ் ஸ்டாப் பக்கத்துலதாங்க"ன்னு சிரிச்சிட்டு வேலைய பாக்க போயிடுங்க. அதுக்கு மேல பதில் சொல்லணும்னு எந்த சட்டமும் இல்ல.

கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம்னு மாசத்துக்கு ரெண்டு கவராவது சுத்தி வரும். ஒரு அண்ணன் நோட்டு போட்டு எழுதுவாரு. மொத சம்பளம் வர்றதுக்கு முன்னாடின்னா யாரும் எதிர்பாக்க மாட்டாங்க. வந்ததுக்கு அப்புறம் மத்தவங்க போடற அளவுக்கு போடுங்க, ஜாஸ்தி போட்டு பேர் வாங்க வேணாம், அடுத்த தடவையும் அதே எதிர்பாப்பாங்க. மொத சம்பளத்துக்கு ஸ்வீட்டும் காரமும் வாங்கிட்டு வர்றது எழுதாத சட்டம். அதுல செக்யூரிட்டி அண்ணனையும் கூட்டற அக்காவையும் விட்றாதீங்க, அவங்களுக்கு மொதல்ல குடுங்க. லேட்டா வர்ற அன்னைக்கு கேட்ட தொறக்கறது அவருதான்.

பொம்பளப் புள்ளைங்களுக்கு தனியா ஒண்ணு. பத்து பேரு, அதுக்கு மேல வேல பாக்கற எடத்துல பாலியல் தொந்தரவு புகாருக்குன்னு உள் கமிட்டி கட்டாயம் இருக்கணும், 2013 சட்டம். கமிட்டியில யாரு யாரு இருக்காங்கன்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கணும். மொத வாரத்துலயே அத ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க, போர்டே இல்லன்னா அதையும் மனசுல குறிச்சுக்குங்க. வெளியூர்ல இருந்து வந்து தங்கறவங்களுக்கு அரசாங்கத்தோட தோழி விடுதி சேலத்துலயும் இருக்கு, பிஜி ஹாஸ்டல் தேடறதுக்கு முன்னாடி அங்க எடம் இருக்கான்னு கேட்டு பாருங்க.

ஜவுளிக்கடையில, நகைக்கடையில சேர்றவங்களுக்கு: நாள் பூரா நிக்கணும்னு முன்னாடி எல்லாம் எழுதாத விதி. 2021-ல தமிழ்நாட்டுல சட்டத்த திருத்தி எல்லா ஊழியருக்கும் உக்கார வசதி குடுக்கணும்னு கொண்டு வந்துட்டாங்க. என் தங்கச்சி அக்ரஹாரம் பக்கம் ஒரு கடையில நாலு வருஷம் நின்னு வெரிகோஸ் வந்துச்சு, அது இந்த சட்டத்துக்கு முன்னாடி. இப்ப போய் பாத்தா கவுண்டருக்கு பின்னாடி ஸ்டூலு இருக்கு. உக்கார்றாங்களான்னு கேட்டா, கஸ்டமர் இல்லாதப்ப உக்கார்றாங்க.

மொத சம்பளம் வந்ததும்

பேஸ்லிப் வாங்குங்க. பேப்பரோ மெயிலோ வாட்ஸப்போ, ஏதாவது ஒரு ரூபத்துல. வேல செஞ்ச நாளு, ஓடி (கூடுதல் நேர வேல), பிடித்தம் மூணையும் உங்க கணக்கோட ஒத்துப் பாருங்க. மொதலாளிகிட்ட அட்வான்ஸ் வாங்கியிருந்தா அது ஸ்லிப்புல வந்திருக்கான்னு பாருங்க. வாய் வார்த்தையா வாங்கி வாய் வார்த்தையா கழிச்சா ரெண்டு பேருக்கும் ஞாபகம் வேற வேற மாதிரி இருக்கும், நான் கண்ணால பாத்த சண்டைங்க எல்லாம் இதுலதான்.

பிஎஃப் புடிச்சா மட்டும் போதாது, கட்டினாங்களான்னு பாக்கணும். யுஏஎன் ஆக்டிவேட் பண்ணி, போன் நம்பரும் கேஒய்சியும் (ஆதார், பான், பேங்க் விவரம்) சேந்திருந்தா 9966044425-க்கு அந்த போன்ல இருந்து ஒரு மிஸ்டு கால் குடுங்க, கடைசியா எவ்வளவு கட்டியிருக்காங்கன்னு எஸ்எம்எஸ் வந்துடும். காசு செலவே இல்ல. மூணு மாசத்துக்கு ஒரு தடவ பண்ணுங்க. கம்பெனி கட்டற 1,200-ல 833 பென்ஷனுக்கு போகும், மிச்சம் 367-தான் உங்க கணக்குல தெரியும், "கம்பெனி பணத்த அமுக்கிட்டாங்க"ன்னு கெளம்பிடாதீங்க. நாமினியும் (நமக்கு ஏதாவது ஆயிட்டா பணம் யாருக்கு போகணுங்கறது) ஆன்லைன்ல போடணும். கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட நாமினி கல்யாணம் ஆனதும் செல்லாது, திரும்ப போடணும், இது பாதி பேருக்கு தெரியாது.

இதுவே உங்க வாழ்க்கையில மொத பிஎஃப் வேலன்னா, 2025 ஆகஸ்ட் 1-க்கும் 2027 ஜூலை 31-க்கும் நடுவுல சேந்திருந்தா, மாச சம்பளம் ஒரு லட்சத்துக்குள்ள இருந்தா, மத்திய அரசு ஒரு திட்டம் வெச்சிருக்கு, பிரதான் மந்திரி விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனான்னு நீளமா ஒரு பேரு. ஒரு மாச பிஎஃப் சம்பளம், அதிகபட்சம் 15,000, ரெண்டு தவணையா வரும். ஆறு மாசம் விடாம வேல பாத்தா மொத தவண, ஒரு வருஷம் முடிச்சு ஆன்லைன்ல ஒரு சின்ன பாடமும் முடிச்சா ரெண்டாவது. பணம் வர்றது ஆதாரோட இணைச்ச பேங்க் அக்கவுண்ட்டுக்கு. மொதல்ல ஏன் பேரு பேருன்னு அவ்வளவு நேரம் மொழக்கினேன்னு இப்ப புரியுதா.

இஎஸ்ஐ, அத கிண்டல் பண்ணாதீங்க

"இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு யாருங்க போவா, வீணா காசு புடிக்கறாங்க"ன்னு ஒரு பேச்சு எல்லா கம்பெனியிலும் இருக்கு. நானும் பேசினவன்தான். எங்ககூட பேக்கிங்ல இருந்த ஒரு பையன், ஷிப்டு முடிஞ்சு பைக்ல போறப்ப சீலநாயக்கன்பட்டி பைபாஸ் கிட்ட லாரி ஒரசி காலு ரெண்டு எடத்துல ஒடஞ்சு போச்சு. சேந்து ரெண்டு மாசம்தான் ஆயிருந்துச்சு. அவங்க வீட்ல நகைய அடகு வைக்க கெளம்பிட்டாங்க. வேலைக்கு வர்ற வழியிலயோ திரும்பிப் போற வழியிலயோ நடக்கற விபத்தும் வேல விபத்தாவே எடுத்துக்குவாங்க, அதுக்கு இத்தன நாள் கட்டியிருக்கணும்னு கணக்கும் கெடையாது. ஆக்சிடென்ட் ரிப்போர்ட்ட கம்பெனியில இருந்து நாங்க அனுப்பினோம், வைத்தியமும் ஆச்சு, எந்திரிக்க முடியாம இருந்த நாளுக்கெல்லாம் சம்பளத்துல 90 பர்சன்ட்டும் வந்துச்சு. அந்த பையன் இப்ப இஎஸ்ஐ பத்தி பேசினா ஒரு மணி நேரம் நிறுத்த மாட்டான்.

மாச சம்பளம் 21,000 வரைக்கும் இருந்தா இஎஸ்ஐ உண்டு. செய்ய வேண்டியது இதுதான்: சேந்த பத்து நாளைக்குள்ள கம்பெனி உங்கள பதிவு பண்ணணும், பத்து இலக்க நம்பர் ஒண்ணு வரும், அந்த கார்ட பிரின்ட் எடுத்துக்குங்க. குடும்பத்துல யார் யாருன்னு கேக்கும்போது உங்களையே நம்பியிருக்கற அப்பா அம்மாவையும் சேருங்க, அங்கதான் நெறைய பேரு வெறும் தன் பேர மட்டும் குடுத்துட்டு வந்துடறாங்க. டிஸ்பென்சரி உங்க வீட்டுக்கு பக்கத்துல இருக்கறதா பாத்து தேர்ந்தெடுங்க, கம்பெனிக்கு பக்கத்துல வேணாம், காய்ச்சல் அடிக்கும்போது நாம வீட்லதான இருப்போம். வைத்தியம் மொத நாள்ல இருந்தே உண்டு. ஒடம்பு சரியில்லாம லீவு போட்டா வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 பர்சன்ட் தர்றாங்களே, அதுக்கு மட்டும் புது ஆளுங்களுக்கு ஒம்போது மாசம் போல காத்திருக்கணும், அதுக்கு முன்னாடி ஆறு மாசக் கணக்குல 78 நாளாவது வேல பாத்திருக்கணும். பொண்ணுங்களுக்கு பிரசவ லீவு 26 வாரம்.

லீவு, நோம்பி, போனஸு

தமிழ்நாட்டு சட்டப்படி சம்பளத்தோட வருஷத்துக்கு ஒம்போது பண்டிகை லீவு, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, கூட அஞ்சு நாளு. அந்த அஞ்சு எதுன்னு வருஷ ஆரம்பத்துல போர்டுல போடுவாங்க.

ஆடி மாசம் வந்தா புதுசா சேந்தவங்க எல்லாரும் ஒரு தடவ ஏமாறுவாங்க. கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு கலெக்டர் உள்ளூர் விடுமுறை விடுவாரு, டிவியில ஓடும், இவங்க வீட்லயே இருந்துடுவாங்க. அது ஸ்கூலுக்கும் அரசு ஆபீஸுக்கும்தான், தனியார் கம்பெனி கட்டாயம் விடணும்னு இல்ல. விட்டாலும் பாதி எடத்துல ஞாயித்துக்கெழம வந்து ஈடு கட்ட சொல்லுவாங்க. முந்தின நாளே கேட்டுக்குங்க. அந்த வாரம் செகண்ட் அக்ரஹாரம், கோட்டை பக்கம் பஸ்ஸும் சுத்தித்தான் போகும், அரை மணி நேரம் முன்னாடி கெளம்புங்க.

ஆயுத பூஜைக்கு மட்டும் லீவு போடாதீங்க. அன்னைக்கு முந்தின சாயங்காலம் மெஷினெல்லாம் தொடச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, வாழக்கன்னு கட்டி, பொரி கடல குடுத்து, மொதலாளி குடும்பத்தோட வந்து ஒவ்வொரு ஷெட்டா நிப்பாரு. நான் சேந்த வருஷம் டைம் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் பட்ட போட்டு விபூதி பூசினோம், விபூதி கீபோர்டுக்குள்ள எறங்கி 'ஏ' பட்டன் ரெண்டு மாசம் வேல செய்யல. அது ஒரு பக்கம் இருக்கட்டும். வருஷம் பூரா பேசாத ஆளு அன்னைக்கு பேசுவாரு, அதுக்காகவாவது இருங்க.

போனஸ் தீபாவளிக்கு முன்னாடி வரும். 20 பேரு, அதுக்கு மேல இருக்கற கம்பெனியில, மாசம் 21,000-க்குள்ள வாங்கறவங்களுக்கு, அந்த கணக்கு வருஷத்துல 30 நாளாவது வேல பாத்திருந்தா போதும், கொறஞ்சது 8.33 பர்சன்ட், அதிகபட்சம் 20. கணக்கு போடறது முழு சம்பளத்துக்கு இல்ல, 7,000 இல்லன்னா அந்த வேலைக்கான குறைந்தபட்ச கூலி, ரெண்டுல எது ஜாஸ்தியோ அதுக்கு. நடுவுல சேந்தவங்களுக்கு நாள் கணக்குல வரும். தீபாவளி துணியும் ஸ்வீட் பாக்ஸும் அவரு இஷ்டத்துக்கு குடுக்கறது, அத போனஸ்ல கழிச்சா கேளுங்க.

ஏற்காட்டுல வேலன்னா

ரிசார்ட்டு, ஹோட்டல் வேலைக்கு நெறைய பசங்க மேல போறாங்க, அதனால இதையும் சுருக்கமா சொல்லிடறேன். தெனம் போய் வந்துடலாம்னு கணக்கு போடாதீங்க, 20 கொண்டை ஊசி வளைவு, ஒரு மாசத்துல இடுப்பு சொல்லிடும். மழக்காலத்துல ரோடே இருக்காது சில நேரம், 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலப்ப மண்ணு சரிஞ்சு மலைப்பாத அடைச்சு கெடந்துச்சு. தங்கற எடம் குடுப்பாங்களா, சாப்பாடு எத்தன வேள, அதுக்கு சம்பளத்துல புடிப்பாங்களான்னு முன்னாடியே கேளுங்க. ஸ்பிளிட் ஷிப்டுன்னு ஒண்ணு இருக்கு, காலையில அஞ்சு மணி நேரம், நடுவுல சும்மா, திரும்ப ராத்திரி வரைக்கும். அந்த நடு நேரத்துல தூங்க எடம் இருக்கான்னு பாத்துக்குங்க. மே மாசம் கோடை விழா சமயம் லீவுங்கற வார்த்தையே எடுக்க முடியாது, வீட்ல கல்யாண தேதி குறிக்கறவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க. ரெண்டு ஸ்வெட்டர் எடுத்துட்டு போங்க, ஒண்ணு எப்பவும் காயாது.

வேலைய விடும்போது

புதுசா சேர்றவங்களுக்கு எதுக்கு இதுன்னு நெனைக்காதீங்க, இங்க தப்பு பண்ணினா அடுத்த எடத்துல நீங்க திரும்பவும் புது ஆளாத்தான் மாட்டுவீங்க. திடீர்னு போன சுவிட்ச் ஆஃப் பண்ணிட்டு நிக்கறதுதான் இங்க வழக்கம், அத பண்ணாதீங்க. லெட்டர் குடுத்து, நோட்டீஸ் முடிச்சு, ரிலீவிங் லெட்டரும் கடைசி மூணு மாச பேஸ்லிப்பும் கையில வாங்கிட்டு கெளம்புங்க. கணக்கு முடிக்கறது புது சட்டப்படி ரெண்டு வேல நாள்ல நடக்கணும், நடைமுறையில அடுத்த சம்பள தேதிக்கு தள்ளுவாங்க, அதுக்கு மேல போனா எழுத்துல கேளுங்க. அஞ்சு வருஷம் முடிச்சிருந்தா கிராஜுவிட்டி உண்டு, நம்ம 10,000 பேசிக் கணக்குல பாத்தா 15 நாள் கூலி, 26-ல வகுத்து, அஞ்சால பெருக்கினா 28,846. நாலரை வருஷத்துல கோவத்துல விட்டுட்டு போனவங்கள எனக்கு தெரியும். கான்ட்ராக்ட் மாதிரி குறிப்பிட்ட காலத்துக்கு எடுத்தவங்களுக்கு இப்ப ஒரு வருஷமே போதும்.

பிஎஃப் பணத்த வேலைய விட்ட ஒடனே எடுத்து போன் வாங்காதீங்க, புது கம்பெனிக்கு மாத்துங்க, பத்து வருஷ சர்வீஸ் சேந்தாத்தான் பென்ஷன். மாத்தறதுக்கு பழைய கம்பெனி நீங்க வெளிய போன தேதிய போர்ட்டல்ல ஏத்தியிருக்கணும். அத மறந்துட்டாங்கன்னா என்ன மாதிரி பழைய பஸ் ஸ்டாண்டுக்கு நடக்க வேணாம், கடைசியா பணம் கட்டின மாசத்துல இருந்து ரெண்டு மாசம் கழிச்சு நீங்களே ஆதார் ஓடிபி போட்டு ஏத்திக்கலாம். ரிலீவிங் லெட்டர்ல என்ன தேதி இருக்கோ அதையே போடுங்க, ஒரு தடவ ஏத்திட்டா அப்புறம் நீங்களா மாத்த முடியாது.